புகார்

காலை ஏழு பத்துக்குத் தொலைபேசி.
"உங்கள் உடும்பு எங்கள் கார் நிறுத்துமிடத்தில் படுத்திருக்கிறது."
என் உடும்பு.
இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாசிர் ரிஸில்
ஊர்வன, நீந்துவன, பறப்பன யாவும் எனக்குச் சொந்தம்,
குற்றம் செய்யும்போது மட்டும்.
கூட்டுரிமை வீட்டுக் குளத்தில் இறங்கி
ஆயிரம் வெள்ளி வண்ணமீனின்
தலையைத் தின்றுவிட்டு உடலை விட்டுப்போன
நீர்நாய் என்னுடையது.
வலசை வந்த இரவில் சன்னல் கண்ணாடியில் மோதிச் செத்த
பொன்னுத்தொட்டான் யாருடையதும் இல்லை.
துப்புரவுக்காரர் ஒருவர் அதைக்
காலணிப் பெட்டியில் கொண்டுவந்து தந்தார்.
அடியில் கைக்குட்டை விரித்திருந்தார்.

நேர்காணலில் கேட்டார்கள்:
இயற்கைமேல் ஆர்வம் உண்டா?
உண்டு என்றேன்.
இடுப்பளவு சேற்றுக்கு ஒரு காலணியைக் கொடுத்துவிட்டு
மற்றதோடு கரையேறத் தெரியுமா என்று
கேட்டிருக்கலாம்.

மூன்றாம் ஆண்டு, பாதையில் நீண்ட கிளையைக் கழித்தபோது
தில்லைப் பால் கண்ணில் தெறித்தது.
மலாயில் அந்த மரத்தின் பெயரே குருடு, குருடு.
"பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறோம், நீதான் படிக்கவில்லை"
என்றான் ரோஸ்லி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே.
விடுப்பு நான்கு நாள். வீட்டில் இருக்க முடியவில்லை.
கட்டுப்போட்ட கண்களோடு
அவன் தோளைப் பிடித்து வந்து
பலகைப் பாதையில் உட்கார்ந்தேன்.
வற்றம். சேற்றுக்கடியில் வெடி இறால்கள்
எண்ணெயில் விழுந்த கடுகாய்ப் பொரிந்துகொண்டிருந்தன.
மூன்று வருடமாக இது கேட்டுக்கொண்டா இருந்தது?

அதன்பின் கற்றதெல்லாம்
கையைக் கட்டிக்கொள்வது.
உதிர்ந்ததைக் கூட்டாமல், வளைந்ததை நிமிர்த்தாமல்,
பாம்பிடமிருந்து தவளையைக் காப்பாற்றாமல்.
"விழுந்த மரத்தை ஏன் இன்னும் அகற்றவில்லை?"
அது இன்னும் வேலையில் இருக்கிறது, ஐயா.

திரு ஊய், பன்னிரண்டாம் மாடி.
நாரைகளின் சத்தம். நாரைகளின் நாற்றம்.
"நேற்றிரவு இரண்டே கால் மணி!
எலும்பு சிக்கிய தொண்டைபோலக் கத்துகிறது."
"ஒன்பது கூடு! ஒன்பது! நானே எண்ணினேன்."
ஒவ்வொன்றையும் மரியாதையாகப் பதிந்தேன்.

நோய்ப்பரவல் அடைப்பில் நாங்கள் வராத இரண்டு மாதம்
என் கணக்கேட்டில் வெறும் தாள்.
அறிக்கை எழுதும் இரவில் புகார்ப் பதிவேட்டைப் புரட்டினேன்.
பதினான்கு வருடத்து முதல் கூடு, முதல் குஞ்சு,
தேதியோடு, நேரத்தோடு, திட்டுகளோடு.
இவ்வளவு ஒழுங்காக என் பூங்காவில்
வேறு யாரும் கண்விழித்ததில்லை,
நான் உட்பட.

போன வருடம் டிசம்பரில் அவர் அழைக்கவில்லை.
ஜனவரியிலும் இல்லை.
காட்சிக் கோபுரத்தில் ஏறி
தொலைநோக்கியை நாரைக் கூடுகளிலிருந்து நகர்த்தி
பன்னிரண்டாம் மாடிக்குக் கொண்டுபோனேன்.
துணி காயாத மூங்கில் கழிகள்.
இது என் வேலையில் சேராது.

மார்ச்சில் மணி அடித்தது. குரல் மெலிந்திருந்தது.
"மூன்று மாதம் மருத்துவமனை. அங்கே ஒரு சத்தமும் இல்லை.
வந்து பார்த்தால் நான்கே கூடு.
என்ன செய்தீர்கள்?"
ஒன்றும் செய்யவில்லை என்றேன்.
முதல்முறையாக அது
போதாத பதிலாக இருந்தது.
அவர் பின்னால், தொலைபேசிக்குள், ஒரு நாரை கத்தியது.
அது முடியும்வரை
இருவரும் பேசவில்லை.

ஆறு கடலுக்குள் புகும் இடத்துக்கு
எங்கள் பழைய சொல் புகார்.
உப்பும் தண்ணீரும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே கலக்கும்
இந்தச் சேறும் அதுதான்.
பதிவேட்டில் வேறு கட்டம் இல்லை.
எழுதினேன்:
நாரைக் கூடுகள் நான்கு.
குடியிருப்பாளருக்குப் போதவில்லை.